தெரியும் என்று சொல்ல ஓர் ஆள்

அந்த அழைப்பு வந்த நேரம் அழகமுத்து ஒரு லொறியின் பின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறி முடிக்கிற லொறிகளில் ஏதாவது ஒன்று அவருடைய டயர் கடை வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். சாரதி மரத்தடியில் குந்திக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அழகமுத்துவின் கை முழுக்கக் கிறீஸ். சின்ன விரலால் பொத்தானை அமுக்கி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.

பெண் குரல். சிங்களம். நல்ல மரியாதையான சிங்களம். மரியாதையாகப் பேசினாலே அழகமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"அழகமுத்து முதலாளிதானே?"

"யாரு பேசுறது?"

கண்டியில் உள்ள ஒரு வங்கியின் பெயரைச் சொன்னாள். அழகமுத்துவின் முகம் உடனே இறுகியது. போன வருசம் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரரிடம் பணத்தை உரித்தவனும் வங்கி என்று சொல்லித்தான் பேசினான்.

"கிருஷாந்தன் என்று ஒருவரை உங்களுக்குத் தெரியுமா?"

அழகமுத்து தோளால் போனைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

"எவ்வளவு காலமாகத் தெரியும்? ஆள் எப்படி? பொலிஸ் பிரச்சினை ஏதாவது இருந்திருக்கிறதா?"

பொலிஸ் என்ற சொல்லோடு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவர் நினைத்தார்.

"அப்படி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, மிஸ்."

"உங்க பெயர், கடை, விலாசம் எல்லாம் இதில் இருக்கே?"

"ரோட்டோரத்துக் கடை. போர்டைப் பார்த்து யாரு வேணும்னாலும் எழுதலாம்."

போனை அணைத்தார். துணியில் கையைத் துடைத்தார். உள்ளுக்குள் ஒரு திருப்தி. பிள்ளையின் தலைக்கு வந்த ஒன்றைத் தான் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்ட மாதிரி. கிருஷாந்தனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவான், பாவம்.

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. கிருஷாந்தன் பிறப்பதற்கு முன்னால், யுத்தம் நடந்த சுற்றிவளைப்புக் காலத்தில், செல்லச்சாமி என்று ஒருவன் இதே கடையில் வேலை செய்தான். பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். ஒரு நாள் ஜீப்பில் வந்த பொலிஸ்காரர்கள் அவனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று அழகமுத்துவிடம் கேட்டார்கள். "தெரியும் சேர், எங்கிட்டதான் இருக்கான், தங்கமான பையன்" என்றார் இவர். தங்கத்தையும் ஏற்றினார்கள், தங்கம் என்று சொன்னவரையும் ஏற்றினார்கள். அழகமுத்து நாலாம் நாள் வீடு வந்தார். செல்லச்சாமி வந்து சேரப் பல மாதம் ஆனது. வந்தவன் தோட்டத்துக்கே போய்விட்டான்; இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எதிர்க் கடைக்காரரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் தெரியாது என்றார். மத்தியானம் வீட்டில் மீன் குழம்போடு சாப்பிட்டார்.

அன்றிலிருந்து யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் அழகமுத்துவின் பதில் ஒன்றுதான்.

கிருஷாந்தன் அவருக்குச் சொந்தம் இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிற பரிமளத்தின் மகன். பரிமளம் ஒரு பாடசாலை விடுதியில் சமைக்கிறாள். புருசன் செத்த நாளிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அழகமுத்துவின் மனைவி போன பிறகு, மகனும் கட்டாருக்குப் போன பிறகு, அவருக்கு இராச்சாப்பாடு பரிமளத்தின் வீட்டிலிருந்துதான் வரும். தட்டைக் கொண்டுவருவது கிருஷாந்தன். தவழ்ந்த காலத்திலிருந்தே "மாமா" என்றுதான் கூப்பிடுவான்.

உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, கணக்கியலில் ஏதோ ஒரு பாடநெறியும் முடித்து, வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். அந்த வங்கியில் எழுத்துப் பரீட்சை பாஸாகி, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்குப் பயிற்சி நடந்தது இந்த டயர் கடையில்தான். பயிற்றுவித்தவன் ஃபாஸில், கிருஷாந்தனின் கூட்டாளி, கண்டியில் போன் கடையில் வேலை செய்கிறவன். ஐந்து இண்டர்வியூவுக்குப் போய் ஐந்திலும் விழுந்தவன் என்பதால் எங்கெங்கே விழலாம் என்பது அவனுக்கு அத்துப்படி.

ஃபாஸில் லொறி டயர் அடுக்கின் மேல் மெனேஜராக ஏறி உட்காருவான். கிருஷாந்தன் வெளியே போய்க் கதவில்லாத வாசலில் கதவு தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டு வருவான்.

"கையைக் கட்டாத மச்சான். இது தோட்டத்து ஒபீஸ் இல்ல. இருக்கச் சொன்ன பொறகு இரி. கதிரை நுனியில இரிக்காத, ஓடப் போறவன் மாதிரித் தெரியும். கண்ணைப் பாத்துப் பேசு. ஒரு கேள்விக்கு விடை தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லு. ஆனா அதோட நிப்பாட்டாத, படிச்சுக்கிறேன்னு சேத்துச் சொல்லு. சரி, உங்கட பலவீனம் என்ன?"

"யாரு உதவி கேட்டாலும் எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது சேர். அதனால என் வேலை பிந்திடும். இப்ப எது முந்தி, எது பிந்தின்னு பிரிச்சுச் செய்யப் பழகுறேன்."

"அப்பிடிப் போடு."

அழகமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "உன் குறையை முன்னப்பின்ன தெரியாதவங்கிட்ட எதுக்குடா சொல்ற? கேட்டதுக்கு ஆமா, இல்ல. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

"அது பொலிஸ்ல, முதலாளி," என்றான் ஃபாஸில். "இது பேங்க்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அழகமுத்து டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடினார்.

அந்த நாட்களில் ஒரு நாள்தான் கிருஷாந்தன் கேட்டான். "மாமா, என்னைத் தெரிஞ்ச, சொந்தக்காரர் இல்லாத ரெண்டு பேரோட பேர் கேக்குறாங்க. ரெஃபரின்னு. லீலாதேவி டீச்சர் ஒண்ணு. இன்னொண்ணு உங்க பேரைப் போட்டுக்கவா?"

"போட்டுக்க."

கலியாணக் கார்டில் பெரியவர்கள் பெயரைப் போடுகிற மாதிரி ஒரு மரியாதை என்று அவர் நினைத்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற ஆளின் பெயரை ஒரு வங்கிக்கு எழுதுகிறான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்து யாராவது போன் கோல் எடுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நேர்முகம் நன்றாக நடந்தது. பலவீனத்தைக் கேட்டார்களாம், சொன்னானாம், நடுவில் இருந்த பெரியவர் தலையாட்டினாராம்.

இதெல்லாம் அந்த அழைப்புக்கு முன்னால் நடந்தது.

அழைப்பு வந்த அன்றைக்குப் பொழுது சாயக் கிருஷாந்தன் தட்டோடு வந்தான். தட்டில் பால்சோறு. பின்னால் பரிமளமும் வந்து வாசலில் நின்றாள்.

"என்னா விசேசம்?"

"லீலாதேவி டீச்சருக்கு இன்னைக்கு பேங்க்ல இருந்து கோல் வந்துச்சாம் மாமா. டீச்சர் என்னைப் பத்தி நல்லாச் சொன்னாங்களாம். ரெஃபரி ரெண்டு பேரையும் கேட்டு முடிச்சா வேலை உறுதின்னு ஃபாஸில் சொல்றான். உங்களுக்கு வந்துச்சா?"

பால்சோறு அவர் வாயில் இருந்தது. அதை அவர் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"மாமா?"

"இல்லியே," என்றார்.

காலையில் சொன்ன 'தெரியாது' பயத்தில் வந்தது. இந்த 'இல்லியே' எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு லேசாக வந்தது.

"அப்ப நாளைக்கு வரும்," என்றாள் பரிமளம். "அண்ணே, நீங்க வேற யாரு பேசுனாலும் கடிச்சுத் துப்புவீங்க. அவங்ககிட்ட கொஞ்சம் பதமாப் பேசுங்க."

"சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் இரும்மா," என்று கிருஷாந்தன் தன் போனோடு கொம்பிரசருக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துகொண்டான். அழகமுத்துவின் போன் அடித்தது. எடுத்தால், மூக்கால் ஒரு பெண் குரல், சிங்களத்தில்: "அழகமுத்து முதலாளிதானே? கிருஷாந்தன் என்று ஒருவரை உங்களுக்குத் தெரியுமா?"

பரிமளம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும் மிஸ்," என்றார் அழகமுத்து. "பொறந்ததுல இருந்து தெரியும். நல்ல பையன். அம்மா சொல்லைத் தட்ட மாட்டான். குடி இல்ல, சிகரட் இல்ல. பொலிஸ் பக்கமே போனதில்ல."

"பொலிஸை அவங்க கேட்டா மட்டும் சொல்லுங்க மாமா," என்று கொம்பிரசர் பேசியது. "மத்தது எல்லாம் சூப்பர். இப்படியே சொல்லுங்க."

அப்படியே சொல்லியிருக்கலாம். காலையில் அந்தப் பொம்பளை கேட்டபோது இதே வாய்தான், இதே போன்தான். அழகமுத்து பால்சோற்றைத் தின்று முடித்தார். தட்டைக் கழுவிக் கொடுத்தார். வழக்கமாகக் கழுவ மாட்டார்.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் அந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுத்தார். மூன்று மொழியில் ஒரு குரல் பேசி, தமிழுக்கு இன்ன இலக்கத்தை அமுக்கு என்றது. அமுக்கினார். பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்து மறுபடி அதே குரல். அழகமுத்து போனை வைத்துவிட்டு, வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினார். கடையை அரை நாள் பூட்டியது கடைசியாக மனைவியின் திவசத்துக்கு.

வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றார். காவலாளி, "சும்மா வாங்க முதலாளி" என்று கதவைத் திறந்துவிட்டான். அதைக்கூட அவர் நம்பவில்லை. யாருடைய கால்களில் செருப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். மாடிக்கு அனுப்பினார்கள். வெகுநேரம் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு சின்ன அறை. ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மிஸ். அவர் மகனைவிட வயது குறைவாக இருக்கும்.

ஃபாஸில் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. இருக்கச் சொல்லும்வரை நின்றார். இருக்கச் சொன்னதும் கதிரை நுனியில் உட்கார்ந்தார். பிறகு நகர்ந்து சாய்ந்தார். கண்ணைப் பார்த்தார்.

"சொல்லுங்க முதலாளி." குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவளேதான்.

"நேத்துக் கிருஷாந்தனைத் தெரியாதுன்னு சொன்னது நான்தான். தெரியும் மிஸ்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப அவர் அனுப்பினாரா உங்களை?"

"இல்ல. நான் வந்தது அவனுக்குத் தெரியாது. நீங்க எனக்கு எடுத்ததே அவனுக்குத் தெரியாது."

"அவர் உங்க சொந்தமா?"

"இல்ல. மாமான்னு கூப்பிடுவான்."

"அப்ப சொந்தம்தானே?"

"எங்க ஆளுங்க தபால்காரனையும் மாமான்னுதான் கூப்பிடுவோம் மிஸ்."

சிரிப்பு வந்து அவள் உதட்டோடு நின்றது. "ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. இந்த ஒன்றுக்குத்தான் வருசக்கணக்காகப் பதில் வைத்திருந்தார். "ஒரு காலத்துல ஒரு பையனைத் தெரியும்னு சொன்னேன் மிஸ். சொன்னதுக்கு எங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போனாங்க. கேட்டவங்களும் இதே மாதிரிதான் கேட்டாங்க. எத்தனை நாளாத் தெரியும், ஆள் எப்படின்னு. நீங்களும் பொலிஸ்னீங்க."

"நாங்க எல்லாருக்கும் அதைக் கேக்குறோம்," என்றாள். "சிங்கள ஆளுக்கும் கேக்குறோம்."

"இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி. இப்பக் கேக்குறேன். அவரிடம் குறை ஏதாவது உண்டா?"

அழகமுத்து யோசித்தார். குறை இல்லை என்றால் நம்பமாட்டாள். அவராக இருந்தால் நம்பமாட்டார். "எல்லாரையும் நம்பிடுவான் மிஸ்," என்றார். வங்கியில் வந்து இதையா சொல்வது? "பேங்க் வேலைக்கு அது பெரிய குறையா? அப்படின்னா அதை எழுதாதீங்க."

"முதலாளி, நான் எதையும் எழுதல." அவள் குரல் இறங்கியது. "எடுக்கிற ஆட்களின் பெயர் நேத்துப் பின்னேரமே கொழும்பு ஹெட் ஒபீசுக்குப் போயிட்டுது. அவர் பெயர் அதில இல்ல."

கீழே வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடிப்பது மட்டும் கேட்டது.

"நல்லா செஞ்சவர்," என்றாள். "எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும். ஆனா ரெஃபரி தெரியாதுன்னு சொன்னா, பொய்யா ஒரு பெயரைக் குடுத்திருக்கார்னுதான் எடுத்துக்கணும். எங்க ஒழுங்கு அது."

"பொய் சொன்னான்னு எழுதியிருக்கா?"

"ரெஃபரிக்கு ஆளைத் தெரியாதுன்னு எழுதியிருக்கு."

"அழிச்சிடுங்க மிஸ்."

"அழிக்க முடியாது. கீழ இன்னொண்ணு எழுதலாம். நீங்க நேர்ல வந்து திருத்திச் சொன்னீங்கன்னு. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவருக்கு உதவும். எப்பன்னு என்னால சொல்ல ஏலாது."

எழுதினாள். காட்டின இடத்தில் அழகமுத்து கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றவர், கதவுப் பக்கம் போய்த் திரும்பினார்.

"இதை அவனுக்குச் சொல்லுவீங்களா?"

"காரணம் யாருக்கும் சொல்றதில்ல, முதலாளி."

படியிறங்கும்போது நெஞ்சில் ஒரு லேசு. யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த லேசை உணர்ந்த மறு நிமிசமே அழகமுத்துவுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. பேராதனை தாண்டும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே எதையும் அவர் பார்க்கவில்லை. கடையைத் திறந்தவுடன் கிருஷாந்தன் எட்டிப் பார்த்து, "கோல் வந்துச்சா மாமா?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினார். பொய்யைத் தலையால் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. வருந்துகிறோம் என்று.

இராச்சாப்பாடு மட்டும் வழக்கம்போல் வந்தது. கிருஷாந்தன் தட்டை வைத்துவிட்டு டயரின் மேல் உட்கார்ந்தான்.

"நான்தான் சொதப்பிட்டேன் மாமா."

"என்னாத்தை?"

"பலவீனத்தைச் சொன்னேன்ல. அதுதான். உங்களுக்குக் கோல் எடுக்கக்கூட இல்லன்னா, அதுக்கு முன்னாடியே வெட்டிட்டாங்கன்னுதானே அர்த்தம். அந்தப் பெரியவர் தலையாட்டினது வேற எதுக்கோ. நீங்க அப்பவே சொன்னீங்க, வாயத் தொறக்காதேன்னு."

அழகமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து சோறு களியாகிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு காப்புறுதிக் கம்பனியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபாஸில் வந்து டயர் அடுக்கின் மேல் ஏறினான். கிருஷாந்தன் வந்து உட்கார்ந்தான்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"கிருஷாந்தன். கடுகண்ணாவை."

"அவ்வளவுதானா? சரி, இந்த வேலை ஏன் வேணும்?"

"சம்பளத்துக்கு."

"பலவீனம்?"

"இல்ல."

"பலம்?"

கிருஷாந்தன் தோளைக் குலுக்கினான். ஃபாஸில் டயரிலிருந்து இறங்கிவிட்டான். "என்ன மச்சான் இது? வாக்குமூலம் குடுக்கிற மாதிரி இரிக்கி. உன்னை யாரும் புடிச்சுக்கிட்டு வரல்ல, நீயாத்தான் வந்திருக்காய்."

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்டா. அது போதும்."

ஆமா, இல்ல. அதுக்கு மேல வாயத் தொறக்காத. அழகமுத்து தன்னுடைய சொற்களை அவன் வாயில் கேட்டார். முகமும் அப்படித்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கி, தாடையை இறுக்கி, எதிரில் இருக்கிற கூட்டாளியைக்கூட ஜீப்பில் வந்தவன் மாதிரிப் பார்த்துக்கொண்டு. இருபத்துமூன்று வயதில் அந்த முகம். அதைத் தாங்க முடியவில்லை அவரால். கையிலிருந்த வீல் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீ மோசமாப் பேசல, கிருஷாந்தா. நீ நல்லாத்தான் பேசியிருக்க. அந்த மிஸ்ஸே சொன்னா."

"எந்த மிஸ்?"

"பேங்க்ல. எனக்குக் கோல் எடுத்தாங்க. உன்னைத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

வாசலில் ஒரு லொறி கியர் மாற்றிக்கொண்டு போனது.

"எப்ப எடுத்தாங்க?" என்றான் கிருஷாந்தன்.

"டீச்சருக்கு எடுத்த அன்னைக்கு. காலையில."

"அன்னைக்குப் பொழுது சாயத்தானே நான் வந்து சொல்லிக் குடுத்தேன். அங்க நின்னு."

"ஆமா."

"அம்மா சிரிச்சாங்க."

"ஆமா."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நடிச்சீங்களா?"

அழகமுத்து வங்கிக்குப் போனதைச் சொன்னார். அவன் பெயர் இல்லாமல் பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டதைச் சொன்னார். கீழே எழுதினதை, கையெழுத்துப் போட்டதை, அடுத்த தடவை உதவலாம் என்று அவள் சொன்னதைச் சொன்னார். ஏன் தெரியாது என்று சொன்னார் என்பதற்கு வந்தபோது கிருஷாந்தன் கையை உயர்த்தினான்.

"செல்லச்சாமி கதை வேணாம் மாமா. அதைக் கேட்டுக்கிட்டேதான் வளந்தேன். ஜீப்புல வந்தவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க, சரி. மெசேஜ் வர்ற வரைக்கும் நான் தினமும் வந்து கேட்டேனே. எங்கிட்டயும் அதேதானா?"

அழகமுத்து கீழே வைத்த ஸ்பேனரைத் திரும்ப எடுத்தார்.

கிருஷாந்தன் எழுந்து போனான். ஃபாஸில் கொஞ்சம் நின்றான். "சொன்னது நல்லம் முதலாளி," என்றான். "ஆனா பிந்திப் போச்சே." அவனும் போனான்.

அன்றைக்குத் தட்டைக் கொண்டுவந்தது பரிமளம். மேசையில் வைத்தாள். எப்போதும் வைக்கிற அளவு சோறு, அதே கறி, ஒரு துண்டு கருவாடுகூட இருந்தது.

"பரிமளம்," என்றார்.

"சாப்பிடுங்கண்ணே. தெரியாத ஆளுக்கும் சோறு குடுக்குற வீடுதான் எங்க வீடு."

திரும்பிப் பார்க்காமல் போனாள். அழகமுத்து சாப்பிட்டார். சாப்பிடாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு நடிப்பாகப் போயிருக்கும்.

காப்புறுதிக் கம்பனிக்குக் கிருஷாந்தன் போனான். எப்படி நடந்தது என்று அழகமுத்துவிடம் சொல்லவில்லை. ஃபாஸிலிடம் விசாரித்ததில், வாயைத் திறந்து பேசினானாம், பலவீனத்தையும் சொன்னானாம். அது மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது. போதுமாக இருந்தது என்று சொல்வதும் சரியில்லை. ஒரு காலைப் பொழுது அவன் கடை வாசலில் நின்று காலில் போட்ட சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, டியூபைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு கேட்டார்:

"அங்கேயும் ரெஃபரி கேட்டாங்களா?"

"ம்."

"யாரு பேரு குடுத்த?"

"லீலாதேவி டீச்சர்."

"இன்னொண்ணு?"

கிருஷாந்தன் நாடாவை இறுக்கிக் கட்டினான். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அழகமுத்து அன்றிலிருந்து போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் தெரியாத இலக்கம் என்றால் அடித்து ஓயட்டும் என்று விடுவார். இப்போது அடிக்கிற சத்தத்துக்கே கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறார். டயர் கம்பனி எடுத்தது. யாரோ ஒரு பெண் தன் தங்கை என்று நினைத்து எடுத்தாள். கட்டாரிலிருந்து மகன் புது இலக்கத்தில் எடுத்து, "என்னப்பா, மூச்சு வாங்குறீங்க?" என்று பயந்தான்.

பிறகு ஒரு நாள், கடை வாசலில் பஞ்சர் லொறி ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. போன் அடித்தது. தெரியாத இலக்கம். பெண் குரல், மரியாதையான சிங்களம், "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கியது.

அழகமுத்து நிமிர்ந்து நின்றார். "தெரியும் மிஸ். கிருஷாந்தனை எனக்கு நல்லாத் தெரியும். பொறந்ததுல இருந்து தெரியும்."

குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போனது. அவரும் நிற்கவில்லை. "சொந்தம் இல்ல. எங்க கடைக்குப் பின்னால இருக்காங்க. நல்ல பையன். யாரு உதவி கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல வராது, அதுதான் குறை. இப்பப் பழகிக்கிட்டு வர்றான். வேற ஏதாவது வேணும்னா கேளுங்க மிஸ், நேர்ல வரச் சொன்னாலும் வர்றேன்."

லொறிச் சாரதிகள் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த கிருஷாந்தன், தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். போனை அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான்.

"மாமா, இது ரெக்கார்ட் பண்ணின குரல். டேட்டா பெக்கேஜ் விக்கிறாங்க."

"பாதியிலேயே விளங்கிடுச்சு," என்றார் அழகமுத்து. "இருந்தாலும் கடைசி வரைக்கும் சொல்லிப் பாத்தேன். பழக வேணாமா?"

கிருஷாந்தன் சிரிக்கவில்லை. போனை அணைத்து, அவர் சட்டைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டான். முகத்தைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்துக்கொண்டே போனவன், மூலையில் நின்றான்.

"பொறந்ததுல இருந்துன்னு சொல்லாதீங்க," என்றான். "எத்தனை வருசம்னு சொல்லுங்க. அவங்களுக்குக் கணக்கு வேணும்."

"இருபத்திமூணு," என்றார் அழகமுத்து.

அதற்குள் அவன் வீட்டுக்குள் போயிருந்தான்.